இரண்டு சுழி ன

லிங்கநகர்,
திருகோணமலை.
9 பெப்ரவரி 2024

பதிப்பாசிரியர் திரு. ஆடலரசன் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்றுக் காலை வந்தது. பத்துப் பிரதி. மூலை மடங்கவில்லை, ஈரம் படவில்லை. அட்டைப் படம் நன்றாக இருக்கிறது. கடல் எங்கள் கடலைப் போல இல்லை, ஆனாலும் கடல்தான். நல்லதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

இனி 212ஆம் பக்கம்.

'சாதாரணத் தபால்' நாவலின் கதை உங்களுக்குத் தெரியும். ஐந்து மாதம் கையில் வைத்திருந்தவர் நீங்கள். ஆனாலும் தெரியாதவரைப் போல நடந்திருக்கிறீர்கள், அதனால் திரும்பச் சொல்கிறேன். மங்களம் என்று ஒருத்தி. கலியாணம் முடித்து மூன்று மாதம். கிரேக்கக் கப்பலில் வேலைக்கு வரச் சொல்லிப் புருஷனுக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வருகிறது. தபால்காரர் வல்லிபுரம் அதை மங்களத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். புருஷன் போய்விடுவானே என்று அவள் அதைக் கிழித்துக் கடலில் போடுகிறாள். விசாரணை வருகிறது. எனக்குக் கடிதம் தரவில்லை என்று அவள் சொல்ல, பழி வல்லிபுரத்தின் தலையில் விழுகிறது. நாற்பத்தைந்து வருஷம் ஊர் அவரைக் 'கடுதாசி தின்னி' என்கிறது. கடைசிப் பக்கத்தில் மங்களம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறாள். அந்த நாலு வசனத்துக்காகத்தான் மற்ற இருநூற்றுப் பதினொரு பக்கமும்.

நான் எழுதியது இது:

"கடுதாசி வந்தது. பிரிச்சுப் பார்த்தனான். கிழிச்சனான். கடலில போட்டனான்."

நீங்கள் அச்சடித்தது இது:

"கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தான். கிழித்தான். கடலில் போட்டான்."

எங்கள் ஊரில் 'கிழிச்சனான்' என்றால் நான் கிழித்தேன் என்று அர்த்தம். ஆணும் அப்படித்தான் சொல்வான், பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். நீங்கள் ஓர் எழுத்தை எடுத்தீர்கள். நான் செய்தேன் என்று சொல்ல வந்தவள் அவன் செய்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். பழி சுமந்த மனுஷனை அவிழ்த்துவிடத்தான் இந்தப் புத்தகத்தை எழுதினேன். நீங்கள் அவரைத் திரும்பக் கட்டி, முடிச்சையும் இறுக்கித் தந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. பின்னட்டையில் 'ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த பாட்டியின் நாவல்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பு உண்மை, அதை நான் ஒருநாளும் ஒளித்ததில்லை. பாட்டி யார் தந்த பட்டம்? என் நாலு பேரப்பிள்ளைகளும் என்னை அம்மம்மா என்கிறார்கள். உங்களுக்கு நான் நாவல் எழுதுகிற ஆள். இது எட்டாவது.

விற்பனைக்குப் போகிற பிரதிகளை நிறுத்துங்கள். போனில் எடுக்க வேண்டாம். போனில் நான் கோபித்தால் லைன் சரியில்லை என்பீர்கள். எழுதுங்கள்.

இப்படிக்கு,
பரிபூரணம் அருளம்பலம்


சென்னை
28 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவறு நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

உங்கள் ஏழு நோட்டுப் புத்தகங்களையும் பேத்தி சிவாஜினி தட்டச்சு செய்து அனுப்பினார். நல்ல பெண், ஆனால் அவசரக்காரி. பக்கத்துக்கு ஐந்தாறு இடத்தில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தது. 'கிழிச்சனான்' என்பதிலும் கூடுதலாக ஒரு ன விழுந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். 'நான் வந்தனான்', 'நான் கண்டனான்' என்று முன்னால் 'நான்' நின்ற இடங்களில் எல்லாம் அது உங்கள் ஊர் வழக்கு என்று தெரிந்து கைவைக்காமல் விட்டிருக்கிறேன், புரட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் 'நான்' இல்லை. பேசுகிறவள் பெண். வினைச்சொல் 'ஆன்' என்று முடிகிறது. யாரோ ஓர் ஆணைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் தமிழ்நாட்டில் யாரும் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். வாக்குமூலம் போல இருக்கட்டும் என்று அந்த நான்கு வாக்கியங்களை எழுத்து நடைக்கும் மாற்றினேன்.

உண்மையில், மங்களம் அதுவரை வல்லிபுரத்தைக் காப்பாற்றப் பொய் நினைவுகளைச் சொல்லி வந்தாள், கடைசியில் உண்மையை உடைக்கிறாள் என்று நினைத்தேன். அந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு மட்டுமல்ல. ஒரு வார இதழில் வந்த மதிப்புரையை இத்துடன் வைத்திருக்கிறேன். 'நாற்பத்தைந்து ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, சீருடை அணிந்த ஓர் ஆணைப் பார்த்து ஒரு பெண் சொல்லும் மூன்று வினைச்சொற்கள். அண்மையில் படித்த மிகத் துணிச்சலான முடிவு' என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி. ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் கொடுக்கும் நாவல் விருதின் இறுதிப் பட்டியலில் உங்கள் நாவலும் இருக்கிறது. ஐந்தில் ஒன்று. ஜூன் கடைசியில் முடிவு சொல்வார்கள். உங்கள் ஊரிலிருந்து இந்தப் பட்டியலுக்கு யாரும் வந்ததில்லை.

ஐந்நூறு பிரதி அச்சிட்டோம். உங்களுக்கு அனுப்பியதும் விற்றதும் போக 340 கிடங்கில் இருக்கின்றன. திரும்பப் பெறுவது நடக்கிற காரியமில்லை என்கிறார் பதிப்பாளர். அடுத்த பதிப்பில் கட்டாயம் திருத்திவிடுகிறேன். 'பாட்டி' விற்பனைப் பிரிவின் வேலை. அதற்கும் என் வருத்தம்.

அன்புடன்,
ஆடலரசன்


லிங்கநகர்,
திருகோணமலை.
20 மார்ச் 2024

அன்புள்ள ஆடரசன் அவர்களுக்கு,

அன்புள்ள என்பது வழக்கத்துக்குப் போட்டது. உங்கள் பெயரில் ஒரு ல குறைவதைப் பார்த்துவிட்டு எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஓர் எழுத்துத்தானே. ஆடலுக்கு அரசனாக இருந்தவர் ஆட்டுக்கு அரசனாகிவிட்டீர்கள். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

பேத்தியின் தலையில் போடுகிறீர்கள். சிவாஜினி அவசரக்காரிதான், ஆனால் அவள் இந்த ஊரில் பிறந்தவள். அவள் விட்ட பிழையைத் திருத்துங்கள். சரியாக அடித்ததைத் திருத்த உங்களை யார் கேட்டது?

நான் எழுதுகிற முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு வசனத்தைக் கொப்பியில் போட முன்னர் குசினியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். வாயில் சிக்கினால் அது கொப்பிக்குப் போகாது. மற்றவர்கள் அகராதி பார்க்கிற இடத்தில் எனக்கு வாய்தான். மகள் ஆரோடு கதைக்கிறீங்கள் அம்மா என்று எட்டிப் பார்ப்பாள். அந்த நாலு வசனத்துக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் போனது. முப்பது வசனம் எழுதி இருபத்தாறை வெட்டினேன். அழுகையை வெட்டினேன், மன்னிப்பை வெட்டினேன், கடவுளை வெட்டினேன். மிஞ்சியது நாலு. வெட்டத் தெரிந்தவளிடம் வந்து வெட்டியிருக்கிறீர்கள்.

முதல் ஏழு நாவலையும் இங்கேயே அச்சடித்து, பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக நானே கொண்டுபோய் விற்றவள். கதிரையில் சாய்ந்திருக்கிற பெரிய மனுஷர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது நீங்களோ எழுதினது?" என்பார். "இல்லை ஐயா, பக்கத்து வீட்டு ஆடு எழுதினது" என்பேன். பிறகு வாங்குவார். அந்த ஏழிலும் அச்சுப் பிழை இருந்தது. காகிதம் மட்டம், மை ஊறும். ஆனால் ஒருவரும் என் மனுஷரைக் கள்ளராக்கவில்லை. பெரிய பதிப்பகம், கடல் தாண்டிப் புத்தகம் போகும் என்று உங்களிடம் வந்தேன்.

அந்த மதிப்புரையை வாசித்தேன். நான் எழுதாத முடிவுக்கு எனக்குப் புகழ். ஆரோ பெற்ற பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுத்ததுபோல இருக்கிறது. மங்களம் வல்லிபுரத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று இருநூறு பக்கத்தில் எந்த இடத்தில் கண்டீர்கள்? விசாரணையில் அவள் பொய் சொல்கிற அத்தியாயத்தை நித்திரையிலோ வாசித்தீர்கள்?

அடுத்த பதிப்பில் என்கிறீர்கள். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று எட்டு நாவல் எழுதிய எனக்குத் தெரியும். வராது. வந்தாலும், அதுவரை வல்லிபுரம் உயிரோடு இருப்பாரா?

340 பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். பதிப்பகத்தின் பெயர் போட்ட தாளில், இது எங்கள் பிழை, எழுதியவர் எழுதியது இது என்று எழுதி ஒட்டுங்கள். விருதுக்காரருக்கும் அனுப்புங்கள்.

பரிபூரணம் அருளம்பலம்


சென்னை
8 ஏப்ரல் 2024

அம்மாவுக்கு,

ஆடரசன் எழுதுகிறேன். முதலில் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். இப்போது எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் மாதம் நான்கு புத்தகம் பார்க்கிறேன். எழுதுகிறவருக்கு அட்டையில் பெயர். எனக்குப் பிழை வந்தால் மட்டும் பெயர். பன்னிரண்டு வருடமாக இதுதான், புகாராகச் சொல்லவில்லை. ஆனால் தூங்கிக்கொண்டே படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

மெய்ப்பு காகிதத்தில்தான் வேண்டும் என்றீர்கள். பதிப்பாளர் முணுமுணுத்தும் கூரியரில் அனுப்பினேன். திருத்தங்கள் எல்லாம் செய்து முடித்த, அச்சுக்குப் போகிற பிரதி அது. மூன்று வாரம் உங்களிடம் இருந்தது. சிவப்புப் பேனாவில் நாற்பத்தாறு இடத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினீர்கள். 'குசினி'யை நான் 'சமையலறை' ஆக்கியதற்கு ஓரத்தில் 'இது யார் வீட்டுச் சமையலறை' என்று கேட்டிருந்தீர்கள். 180ஆம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருப்பி வைத்தீர்கள். 211ஆம் பக்கத்தின் கடைசி வரிவரை உங்கள் சிவப்பு மை இருக்கிறது.

212இல் ஒரு புள்ளி இல்லை. அந்தப் பக்கத்தில் 'கிழித்தான்' என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே 'சரி' என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறீர்கள். பிரதி என் மேசையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

நான் ஓர் எழுத்தை எடுத்தேன். நீங்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. காற்புள்ளிக்குச் சண்டை போடுகிறவர், எந்த நான்கு வரிக்காக முழு நாவலையும் எழுதினாரோ அந்த வரிகளை ஏன் படிக்கவில்லை?

திருத்தச் சீட்டுப் பற்றிப் பதிப்பாளரிடம் பேசினேன். விருது முடிவு வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். 'முடிவே தப்புன்னு நாமளே சீட்டு ஒட்டி நடுவர்களுக்கு அனுப்புறதா? ஜூன் வரைக்கும் அந்தம்மாவைப் பேசாம இருக்கச் சொல்லு' என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் கருத்தும் கேட்டால், அச்சில் இருக்கிற முடிவில் ஒரு பலம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வல்லிபுரம் உயிரோடு இருப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். வல்லிபுரம் நீங்கள் உண்டாக்கிய பாத்திரம்தானே?

ஆடலரசன்


லிங்கநகர்,
திருகோணமலை.
2 மே 2024

ஆடரசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பியிருந்தால் உங்கள் காது இன்னும் எரிந்துகொண்டிருக்கும். தபாலில் போட வெளிக்கிட்ட நேரம் வாசல் படலையில் ஒருவர் வந்து நின்றார். அதனால் அது போகவில்லை. இது வேறு கடிதம்.

வந்தவள் ஜெயரூபி. சல்லிக் கிராமத்தில் இருக்கிறாள், கதிரவேல் அண்ணையின் மகள். கதிரவேல் அண்ணைதான் நீங்கள் கேட்ட வல்லிபுரம். எண்பத்தாறு வயது, கண் தெரியாது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டில் எங்கள் பகுதித் தபால்காரராக இருந்தவர். விசாரணைக்குப் பிறகு குச்சவெளிக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு ஒருநாளும் வரவில்லை. 'கடுதாசி தின்னி' நான் கற்பனை செய்த பட்டம் இல்லை. இப்போதும் சல்லிச் சந்தியில் அவருடைய வீடு எது என்று கேட்டால் சிலர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் காட்டுவார்கள்.

கிரேக்கக் கப்பலுக்குப் போக இருந்தவர் என் புருஷன் அருளம்பலம். கடிதத்தைக் கையில் வாங்கியவள் யார் என்று இனி நான் எழுதத் தேவையில்லை.

அந்த மனுஷன் கப்பலுக்குப் போகாமல் துறைமுகக் கிடங்கில் வேலை செய்து, என்னோடு நாற்பது வருஷம் வாழ்ந்து, ஆறு வருஷத்துக்கு முன் செத்தார். கதிரவேல் அண்ணையைத் தெருவில் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் நடப்பார். நான் பக்கத்தில் நடந்தேன். அவர் செத்த பிறகுதான் இந்த நாவலை எழுத எனக்குக் கை வந்தது. முதல் பிரதியை நானே சல்லிக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட இருந்தேன். அச்சான பக்கத்தைப் பார்த்த பிறகு எதைக் கொண்டுபோவது?

நான் போகாவிட்டால் என்ன, உங்கள் மதிப்புரை போய்விட்டது. ஜெயரூபி போனில் அதைக் கண்டு கடையில் சொல்லிப் புத்தகத்தை எடுப்பித்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையில் நின்றபடியே கேட்டாள்:

"மாமி, இது நீங்களோ எழுதினது?"

"ஓம் பிள்ளை. ஆனா அந்தக் கடைசிப் பக்கம்..."

"கடைசிப் பக்கத்தை அப்பாவுக்கு ரெண்டு தரம் வாசிச்சனான். முதல் தரம் கேட்டுட்டு, 'நீ பிழையா வாசிக்கிறாய், திரும்ப வாசி' எண்டவர். திரும்ப வாசிச்சன். பிறகு கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னவர். மூண்டு நாளா அப்பிடியே இருக்கிறார்."

"நான் அப்பிடி எழுதேல்லை பிள்ளை. இந்தியாவில மாத்திப் போட்டாங்கள்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எட்டு நாவலிலும் என்னால் எழுத முடியவில்லை.

"அண்டைக்குத் தபால்காரன் தரேல்லை எண்டனீங்கள். இண்டைக்கு அச்சுக்காரன் மாத்திப் போட்டான் எண்டுறீங்கள். உங்கட கையில வந்தது ஒண்டுக்கும் நீங்கள் பொறுப்பில்லையோ மாமி? அண்டைக்கு வாயால சொன்னதை இப்ப அச்சடிச்சு விக்கிறீங்கள். எங்கட வீட்டுப் பக்கம் வந்திடாதேயுங்கோ."

புத்தகத்தைப் படலைக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அனுப்பாத என் கடிதத்தையும் அவள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் ஆறு பக்கம் நான் என்ன எழுதியிருந்தேன்? பிழை சிவாஜினியில் இல்லை, என்னில் இல்லை, உங்களில்தான் என்று எழுதியிருந்தேன். அதை அடுப்பில் போட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். 211ஆம் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டுப் பேனாவை மூடினேன். அந்தப் பக்கத்தை ஒரு தரம் எழுதிவிட்டேன். இரண்டாந்தரம் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. பார்க்காமலே சரி என்று போட்டது என் கைதான்.

இதை எழுதியதால் என் கோபம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். என் பிழை எனக்கு, உங்கள் பிழை உங்களுக்கு. தெரியாத சொல்லைக் கேட்காமல் திருத்தினீர்கள். கேட்டால் குறைந்துவிடுவீர்களா? ஐந்தாம் வகுப்புக்காரி நான், தெரியாததைக் கேட்டுக் கேட்டுத்தான் எட்டு நாவல் எழுதினேன். அச்சில் இருக்கிற முடிவில் பலம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். அந்தப் பலம் முழுவதும் எண்பத்தாறு வயதுக் கிழவனின் முதுகில் இறங்குகிறது.

உங்கள் அச்சில் 'தா' என்ற எழுத்தில் த தனியாக, கால் தனியாக நிற்கிறது. நடுவில் ஒரு இரண்டு சுழி ன எழுத இடம் இருக்கிறது. கிழித்தான், கிழித்தனான். 'டா'விலும் அப்படியே. எங்கள் காதுக்கு அது போதும். என்னிடம் இருந்த பத்துப் பிரதியிலும் பேனாவால் போட்டுவிட்டேன். ஆனால் அதைக் கொண்டு நான் சல்லிக்குப் போக ஏலாது. நானே கிறுக்கிக்கொண்டு வந்தேன் என்பார்கள், என் சொல்லை அந்த வீட்டில் இனி ஒருவரும் எடுக்கமாட்டார்கள். உங்கள் கையால், பதிப்பகத்தின் தாளோடு வர வேண்டும்.

ஜூன் வரைக்கும் பேசாமல் இருக்க ஏலாது. விருது எனக்கு வேண்டாம், மூன்று ன வேண்டும்.

பரிபூரணம்


சென்னை
20 மே 2024

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வருகிறது. அதில் 212ஆம் பக்கத்தில் மூன்று ன இருக்கின்றன. என் கையெழுத்து. முன்பக்கம் பதிப்பகத்தின் தாளில் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கிறது: '212ஆம் பக்கத்தில் மங்களம் சொல்வது தன்னைப் பற்றி. எழுதியவர் எழுதிய சொற்களின் பொருள் தெரியாமல் மாற்றியது பதிப்பாசிரியரின் தவறு.' கீழே என் முழுப் பெயர். என் பெயர் ஒரு புத்தகத்தில் அச்சாவது இதுதான் முதல் முறை.

இராயப்பேட்டைக் கிடங்கில் மூன்று நாள் உட்கார்ந்தேன். 340 பிரதி, பிரதிக்கு மூன்று ன, ஒரு சீட்டு. பைண்டிங் செய்கிறவர் பார்த்துவிட்டு, "எழுத்தாளர் கையெழுத்தா சார் போடுறீங்க?" என்றார். "கையெழுத்து இல்லைங்க, எழுத்து" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் பேனா தீர்ந்தபோது தன் சட்டைப் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

பதிப்பாளரிடம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவரே வந்து நின்றார். "விருது போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார். "சொல்றேன் சார்" என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நடுவர்கள் ஐந்து பேருக்கும் திருத்திய பிரதியை அனுப்பிவிட்டேன்.

கேட்டால் குறைந்துவிடுவீர்களா என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் 'ஓம்' என்பதுதான் உண்மையான பதில். ஐந்தாம் வகுப்பு படித்தவரிடம் தமிழ் முதுகலை படித்தவன் ஒரு வினைமுற்றுக்கு அர்த்தம் கேட்பதா என்று எனக்குள் இருந்திருக்கிறது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்போது கேட்கப் பழகுகிறேன். முந்நூறு முறைக்கு மேல் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. சண்டைக்கு அல்ல, உண்மையாகவே கேட்கிறேன். நாவல் முழுவதும் மங்களம் 'நான் வந்தனான்', 'நான் சொன்னனான்' என்று நானை விடாமல் பேசுகிறாள். இந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு 'நான்' கூட இல்லை. ஏன்?

ஆடலரசன்


லிங்கநகர்,
திருகோணமலை.
17 ஜூன் 2024

அன்புள்ள ஆடலரசன் அவர்களுக்கு,

ல திரும்பிவிட்டது. மூன்று ன தந்ததற்கு ஒரு ல. அதிகம் சந்தோஷப்பட வேண்டாம்.

புத்தகம் வந்த மறுநாள் பஸ் எடுத்துச் சல்லிக்குப் போனேன். வர வேண்டாம் என்ற வீட்டுக்குப் போனேன். ஜெயரூபி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து, "ஆர் பிள்ளை?" என்று கதிரவேல் அண்ணையின் குரல் கேட்டது. நானே பெயரைச் சொன்னேன். "விடு, வரட்டும்" என்றார்.

கதிரை சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது. கடைசிவரை அவர் திரும்பவில்லை. நான் அவருடைய பிடரியோடுதான் கதைத்தேன்.

"பதிப்பகம் திருத்தி அனுப்பியிருக்கு அண்ணை."

"சீட்டை முதல்ல பிள்ளையிட்டக் குடு. அவள் வாசிக்கட்டும்."

ஜெயரூபி உங்கள் சீட்டை வாசித்தாள். 'தவறு' என்ற சொல்லை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "சீல் அடிக்கேல்லையே" என்றார். தபால்காரர்.

பிறகு 212ஆம் பக்கத்தை நான் வாசித்தேன். அச்சில் உள்ளபடி இல்லை, நான் எழுதினபடி. கடுதாசி வந்தது. பிரிச்சுப் பார்த்தனான். கிழிச்சனான். கடலில போட்டனான்.

"ஆர்?" என்றார்.

"என்னண்ணை?"

"கிழிச்சது ஆர் எண்டு கேக்கிறன்."

"மங்களம்."

"மங்களம் ஆர்? அந்தப் பாதையில பதினொரு வருஷம் கடுதாசி குடுத்தனான். மங்களம் எண்டு அங்க ஒருத்தியும் இருக்கேல்லை."

ஜெயரூபி என்னைப் பார்த்தாள். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'நான்' ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது.

"நான்," என்றேன். "நான்தான் கிழிச்சனான்."

அவர் சொன்னார்:

"அண்டைக்கு விசாரணைக்கு வந்த துரை மேசைக்கு முன்னால நிண்டு கேட்ட நேரம் இந்த ஒரு சொல்லுப் போதுமா இருந்தது. இருநூறு பக்கம் ஆர் கேட்டது உன்னை?"

புத்தகத்தை மூடினேன்.

"கதைப் புத்தகம் வேண்டாம் எனக்கு," என்றார். "கதை எண்டா கற்பனை எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். கடுதாசியா எழுது. என்ர பேர் போட்டு, உன்ர பேர் போட்டு, திகதி போட்டு."

"கொப்பி கொண்டு வந்தனான் அண்ணை, இப்பவே இருந்து எழுதித் தாறன்."

"கையில தராத. தபாலில அனுப்பு. பதிவுத் தபாலில போடு. சாதாரணத் தபால் எண்டா வந்து சேரேல்லை எண்டு சொல்லுவினம்."

ஜெயரூபி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன். தேத்தண்ணி கேட்கவில்லை, தரவும் இல்லை.

கடிதத்தை எழுத அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஒரு பக்கம். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. பதிவுத் தபாலில், பெற்றதற்கு அத்தாட்சி திரும்பி வரும்படி போட்டேன். வெள்ளிக்கிழமை அந்த அட்டை வந்தது. கண் தெரியாத கை, எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. ஆனாலும் மகளைக் கொண்டு ஒப்பம் வைப்பிக்கவில்லை, அவரே வைத்திருக்கிறார். 'கிடைத்தது. க. கதிரவேல்.' எனக்குக் கிடைத்ததை நான் கிடைக்கவில்லை என்றேன். தனக்குக் கிடைத்ததை அவர் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்த அட்டையை நாவல் எழுதிய கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

விருது பற்றி நீங்கள் போனில் சிவாஜினிக்குச் சொன்ன செய்தி கிடைத்தது. பட்டியலில் இருந்து நேரத்தோடே எடுத்துவிட்டார்களாம். 'முடிவு குறித்த குழப்பம்' என்றார்களாம். அவர்களுக்குக் குழப்பம் இல்லை, அவன் கிழித்தான் என்றால் பிடிக்கிறது, நான் கிழித்தேன் என்றால் பிடிக்கவில்லை. போகட்டும். உங்கள் பதிப்பாளர் உங்களோடு கதைக்காவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவருடைய பெயரில் எத்தனை எழுத்து?

இனி நீங்கள் கேட்ட கேள்வி. எங்கள் பேச்சில் வினைச்சொல்லுக்குள்ளேயே நான் இருக்கிறது, தனியாகப் போடத் தேவையில்லை என்று எழுதலாம். இலக்கணத்துக்கு அது சரி. ஆனால் உண்மை அது இல்லை. அந்த மாரியில் இருபத்தாறு வசனம் வெட்டினேன் என்றேனே, முதல் முதல் வெட்டியது அந்த நானைத்தான். கொப்பியில் இருந்தது, வாயில் சிக்கியது, எடுத்துவிட்டேன். அது அங்கே நின்றிருந்தால் நீங்கள் எந்த எழுத்தையும் தொட்டிருக்கமாட்டீர்கள். நீங்கள் எடுத்தது ஒரு ன. உங்களுக்கு முன்னர் நானை எடுத்தவள் நான்.

இரண்டாம் பதிப்பு வராது என்று எனக்குத் தெரியும் என்றேன். இனி வர வேண்டும், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தனான், நான் கிழிச்சனான், நான் போட்டனான். மூன்று இடத்திலும் நான். அழகு கெடுகிறது என்று ஒன்றையும் எடுக்க வேண்டாம். கெடட்டும்.

புரூப்பை முன்போலவே காகிதத்தில் அனுப்புங்கள். 212ஆம் பக்கம் மட்டும் போதும்.

பரிபூரணம்